ஏழு எழுத்துப் பெயர்கள்

பீளமேட்டில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளம் டீச்சருடையது. "பழைய டி.வி.யைப் பரண்ல இருந்து இறக்கணும், ஒரு கை குடுக்கறீங்களா" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் என் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, "இங்க, இதுக்கு மேல அப்படியே பிடிச்சுக்குங்க" என்றார், டீச்சரின் பழைய கணினியைச் சரிசெய்ய வந்திருந்த மெக்கானிக். அன்று மாலை வரை என் வேலை அதுதான். டார்ச் பிடிப்பவன் பேச வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, மேலே நாளிதழ் விரித்திருந்தார்கள். அதன்மேல் அந்தக் கணினி. வெளுத்த சந்தன நிறத்தில் ஒரே பெட்டி. விசைப்பலகையும் அதிலேயே அடக்கம். கறுப்பு விசைகளுக்கு மேலே வரிசையாகப் பத்துச் சிவப்பு விசைகள், கோயில் படிக்கட்டில் குங்குமம் வைத்தது போல. பக்கத்தில் தகரப் பெட்டிக்குள் ஒரு டிஸ்க் டிரைவ். இரண்டையும் இணைக்கும் முப்பத்துநான்கு கம்பிப் பட்டை நாடா கணினியின் வயிற்றுப் பக்கமாகப் புறப்பட்டு வருகிறது. அப்பால் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் காகித உறை போட்ட, அஞ்சேகால் அங்குல, வளைந்து கொடுக்கும் டிஸ்குகள். மேலாக இருந்ததன் லேபிளில் டீச்சரின் மணிமணியான கையெழுத்து: 'மே 1988'. மூலையில் ஒரு வட்டத்துக்குள் '40'. அந்தக் கோடை வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக்குக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பம்ப் செட் ஸ்டார்ட்டர், ஆம்ப்ளிஃபயர், யு.பி.எஸ். என்று எதையும் பிரிக்கக்கூடியவர். கூட ஒரு பையன், இருபது வயதுக்குள். பிளாப்பி டிஸ்கை அவன் அன்றுதான் முதல்முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தான். எடுத்தவன் திறப்பு வழியாகத் தெரிந்த பழுப்பு வட்டில் விரலை வைக்கப் போக, டீச்சர் பதறவில்லை. "கண்ணு, ஓரத்தைப் பிடி. அந்த ஜன்னல்ல கை படக்கூடாது" என்றார். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல்.

"கரண்ட் குடுத்துப் பாத்தீங்களாங்க?"

"இல்ல தம்பி. நீங்க வந்தப்புறம்தான்னு இருக்கேன்."

"நல்லதுங்க டீச்சர். ரொம்ப நல்லதுங்க."

எதற்கு அவ்வளவு நல்லது என்பது, அவர் மூடியைக் கழற்றி இடப்பக்கம் இருந்த மின்வழங்கிப் பெட்டியைத் தனியே எடுத்துத் திறந்தபோது தெரிந்தது. மின்சாரம் நுழையும் இடத்தில் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் கூடுபோட்ட இரண்டு கெபாசிட்டர்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். வறண்ட ஏரி மண் போல அந்தக் கூடு முழுக்க விரிசல். உள்ளே இருப்பது காகிதம். இத்தனை வருஷமாக விரிசல் வழியாகக் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. 230 வோல்ட் பாய்ந்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு வீடு முழுக்கப் புகையும். நாற்பது வயதான பல கருவிகளிலும் இது இருக்கும் என்றார். இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த புதிய பெட்டி வடிவக் கெபாசிட்டர்களை வைத்துப் பற்றவைத்தார். ஓடவே ஓடாத ஒன்றுக்கு அவர் செய்த முதல் வேலை, அது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

இந்தக் கணினிக்கு 'பிபிசி மைக்ரோ' என்று பெயர். பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் தன் நாட்டு மக்களுக்குத் தொலைக்காட்சி வழியாகக் கணினி கற்றுக்கொடுக்கக் கிளம்பியபோது, கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சிறிய நிறுவனம் 1981இல் செய்து கொடுத்தது. நினைவகம் 32 கிலோபைட். இன்றைக்குச் செல்பேசியில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதற்குள் அடங்காது. இந்தியாவுக்கும் அது வந்தது. 1984-85இல் நடுவண் அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்டமாக 250 பள்ளிகளுக்குப் போனது இதே கணினிதான். டீச்சர் அந்தத் திட்டத்தின் பயிற்சியில்தான் இதை முதலில் தொட்டார். தொட்டதிலிருந்து தூக்கம் போயிற்று என்பார். லீட்ஸில் வேலையாக இருந்த தம்பியிடம் கடிதத்துக்குக் கடிதம் கேட்க, 1986இல் அவர் ஊருக்கு வரும்போது பெட்டியோடு கொண்டுவந்து சேர்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் இந்தக் கூடத்தில் தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு. கட்டணம் கிடையாது. பானகமும் உண்டு.

டி.வி.யோடு இணைக்க ஒரு சிக்கல் இருந்தது. கணினியின் முதுகில் இருந்த படத் துளைக்கு, திருகிப் பூட்டும் வளையம் போட்ட பிளக் வேண்டும். பையன் உடனே தன் பையைத் துழாவி ஒன்றை எடுத்தான். சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் போடும் அதே பி.என்.சி. பிளக். அந்தக் காலை முழுக்கச் சும்மா நின்ற பையன் முகத்தில் ஒரு வெளிச்சம். அதை மாட்டி, ஒரு ஒயரில் சேர்த்து டி.வி.யின் மஞ்சள் துளையில் சொருகினார்கள். சுவிட்சைப் போட்டார் மெக்கானிக்.

ஒரு தாழ்ந்த ஒலி, உடனே ஒரு உயர்ந்த 'பீப்'. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இரண்டு சுரங்களும் சேர்ந்து வந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். தாழ்ந்த ஒலி மட்டும் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் உள்ளே ஏதோ எழவில்லை என்று பொருள். திரையில் கறுப்பு வெள்ளையில் மூன்று வரி: பிபிசி கம்ப்யூட்டர் 32கே. ஏகார்ன் டி.எஃப்.எஸ். பேசிக். கீழே ஒரு அம்புக்குறி, பக்கத்தில் துடிக்கும் சிறு கோடு.

"நடு வரி வந்துருச்சே, டிஸ்கோட பேசற சிப் இருக்குது" என்றார் டீச்சர்.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். இந்தக் கணினியை அவர் இதுவரை திறந்ததில்லை. தொண்ணூறுகளில் அலுவலகக் கணினிகளுக்கு பிளாப்பி டிரைவ் சரிசெய்த அனுபவம்தான். இங்கே பாதி அவருக்குத் தெரியும், மீதி டீச்சருக்குத் தெரியும் என்று இருவரும் அந்தக் கணத்தில் பங்கு பிரித்துக்கொண்டார்கள். வாய் விட்டுச் சொல்லவில்லை.

மே 1988 டிஸ்கை எடுத்த மெக்கானிக் உடனே டிரைவில் போடவில்லை. அதன் ஓரத்தில் ஒரு சதுர வெட்டு இருக்கும். அதைத் துண்டு டேப்பால் மூடி ஒட்டினார். மூடிவிட்டால் டிரைவால் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். பிறகு உள்ளே செலுத்தி நெம்புகோலைத் திருப்பினார். ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி பிரேக் விசையை ஒரு தட்டு. அதுதான் இந்தக் கணினிக்கு 'டிஸ்கிலிருந்து எழுந்திரு' என்கிற சைகை. சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் சுற்றும் ஓசை. அப்புறம் டர்ர்ர், டர்ர்ர் என்று ஹெட் பின்னுக்கு ஓடி ஓடித் தேடும் சத்தம். திரையில்: டிஸ்க் ஃபால்ட் 18, சைபர் சைபர், சாய்கோடு, சைபர் சைபர்.

பையன் மறுபடியும் ஷிப்டை அழுத்தப் போனான். மெக்கானிக் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "இரு. ஒருக்காக் கேட்டாச்சு, பதில் சொல்லிருச்சு. என்ன சொல்லுச்சுன்னு பாரு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். வேலை செய்யாத ஒன்றை நாம் எல்லோரும் மறுபடி மறுபடி அழுத்துகிறோம். அவர் அழுத்தவில்லை. டீச்சர் நோட்டில் ஒரு கோடு போட்டு, 'பதினெட்டு: அந்த செக்டார் கிடைக்கவில்லை. சைபர் சைபர்: முதல் தடத்தின் முதல் செக்டார்' என்று எழுதினார். குறியீடுகளுக்கான பொருள் அவருக்கு இன்னும் மனப்பாடம். அதாவது டிஸ்கின் வாசற்படியிலேயே தடுக்கியிருக்கிறது.

டிஸ்கை வெளியே எடுத்து டார்ச்சுக்கு நேரே பிடித்தார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்த பழுப்பு வட்டில் சாம்பல் பூத்த மாதிரி புள்ளிகள். பூஞ்சை. பரணில் முப்பத்துச் சொச்சம் மழைக்காலங்களைப் பார்த்தாயிற்று அல்லவா. ஒரு தடவை சுற்றியதிலேயே அந்தப் பொடி ஹெட்டில் அப்பியிருக்கும். அழுக்கு ஹெட்டோடு திரும்பத் திரும்பச் சுற்றினால் அந்தப் பொடியே உப்புத்தாளாகி வட்டின் மேற்பூச்சைச் சுரண்டிவிடும். பூச்சில்தான் எழுத்து. சுரண்டிப் போனதை எந்த மெக்கானிக்கும் திருப்பிக் கொண்டுவர முடியாது. பையன் இரண்டாம் முறை அழுத்தியிருந்தால், ஐந்தாம் முறை அழுத்தியிருந்தால்?

"உங்க டிஸ்கை அப்படி வெச்சுருவோங்க. போனாப் போகுதுங்கற மாதிரி வேற ஒண்ணு இருக்குங்களா?"

டப்பாவில் 'வெறும்' என்று எழுதிய டிஸ்க் ஒன்று இருந்தது. ஃபார்மட் செய்து வைத்தது, உள்ளே எதுவும் இல்லை. இனி அதுதான் சோதனைக்கு.

டிரைவின் தகர மூடியைக் கழற்றினார். மேலும் கீழுமாக இரண்டு ஹெட், நெல்மணி அகலம்தான் இருக்கும். பஞ்சுக்குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, கீழ் ஹெட்டைத் துடைத்தார். பஞ்சு தேயிலைத் தூள் நிறமானது. மேல் ஹெட்டைத் தூக்கவில்லை. அதைத் தாங்கும் தகடு காகிதம் போன்றது, நிமிர்த்தினால் வளைந்துவிடும். இடுக்கு வழியாகவே பஞ்சை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு இழுப்பு. குச்சியைப் போட்டுவிட்டுப் புதுக் குச்சி. மூன்றாவது குச்சி வெள்ளையாகவே வெளியே வந்தது. ஹெட் ஓடும் தண்டவாளத்தில் காய்ந்து கெட்டிப்பட்டிருந்த கிரீஸைச் சுரண்டி, புள்ளி அளவு புதுசு வைத்தார்.

வெறும் டிஸ்கைப் போட்டு, நட்சத்திரக்குறி தட்டிப் பட்டியலைக் கேட்டார்கள். ஒரு முறை வந்தது. அடுத்த முறை பிழை. மறுபடி வந்தது. மறுபடி பிழை, இந்த முறை வேறு எண்.

"இது நெனச்சாப் பேசுது, நெனச்சாப் பேச மாட்டேங்குது. அழுக்கா இருந்தா ஒரேயடியாப் படிக்காது. இது சுத்துல கோளாறுங்க" என்றார். பிறகு கூரையைப் பார்த்தார். "ட்யூப்லைட் எல்லாம் எல்.ஈ.டி.ங்களா? பழைய சோக் போட்ட பட்டி ஏதாச்சும் இருக்குதுங்களா டீச்சர்?"

வெளிச்சம் பற்றவில்லையோ என்று டார்ச்சை இன்னும் அருகில் கொண்டுபோனேன். அவர் கேட்டது வெளிச்சத்துக்காக இல்லை.

சாமான் அறையில் நாற்பது வாட்ஸ் பட்டி ஒன்று இருந்தது. பையன் கழற்றிக்கொண்டுவந்து, ஒயரில் பிளக் மாட்டி, சுவரில் சாய்த்து வைத்தான். ஸ்டார்ட்டர் மினுக்கி மினுக்கி எரிந்தது. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். டிரைவைப் பக்கவாட்டில் நிறுத்தினார். அடிப்பக்கம் மோட்டாரின் சக்கரம் தெரிந்தது. அதன் விளிம்பைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்களில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒன்றின் அருகே 50 என்றும் மற்றதன் அருகே 60 என்றும் பொறித்திருந்தது.

இனி டிஸ்க் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு டீச்சர் விசைப்பலகையின் முன் உட்கார்ந்தார். பார்க்காமலே தட்டினார். பத்தாம் வரி: தப்பு வந்தால் இருபதுக்குப் போ. இருபதாம் வரி: பட்டியலைக் காட்டு. முப்பதாம் வரி: மறுபடி இருபதுக்குப் போ. ஓட்டினார். திரையில் வெற்றுப் பட்டியல் மேலே மேலே ஓட, மோட்டார் நிற்காமல் சுற்றியது.

அப்போது நான் பார்த்ததை எப்படிச் சொல்ல? சுற்றுகிற சக்கரத்தின் மேல் ஐம்பது என்று குறித்த வட்டத்தின் கட்டங்கள் மட்டும் சுற்றாமல் நின்றன. முழுதாக நிற்கவில்லை. ஊர்ந்தன. சக்கரம் போகும் திசைக்கு எதிராக, எறும்பு போல மெல்லப் பின்னால் நகர்ந்தன.

டீச்சர் எழுந்து வந்து குனிந்தார். "நிமிஷத்துக்கு 300 சுத்து. வினாடிக்கு அஞ்சு. நம்ம கரண்ட் வினாடிக்கு அம்பது தடவை ஏறி இறங்குது, ஏறும்போது ஒருக்கா, இறங்கும்போது ஒருக்கா, லைட் நூறு தடவை மினுக்குது. நூறை அஞ்சால வகுத்தா இருபது. எண்ணிப் பாரு கண்ணு, அந்த வட்டத்துல இருபது கட்டம் இருக்கணும்."

மோட்டார் நின்ற பிறகு பையன் எண்ணினான். இருபதுதான். அவன் டீச்சரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அடுத்த வட்டத்தையும் அவனே எண்ணினான், இருபத்துநாலு. மின்சாரம் அறுபது தடவை ஏறி இறங்கும் அமெரிக்கா போன்ற ஊர்களுக்கு அது. ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஒரு கட்டம் அடுத்த கட்டத்தின் இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தால், கண்ணுக்கு நின்றது போலத் தெரியும். பின்னால் ஊர்ந்தால் சக்கரம் வந்து சேரத் தாமதம், அதாவது வேகம் குறைவு. எல்.ஈ.டி. பலவற்றில் இந்த மினுக்கல் கிடைக்காது. வேகத்தை அளக்க ஒரு கருவியை வைத்துக்கொண்டு அதை நாம் வெளிச்சம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சர்க்யூட் போர்டில் மிளகு அளவில் ஒரு திருகு. கடிகாரக்காரர் ஸ்க்ரூ டிரைவரால் அதை மயிரிழை திருப்பினார். எறும்பு தயங்கியது. இன்னும் ஒரு மயிரிழை. முன்னோக்கி ஓட ஆரம்பித்தது. கால் மயிரிழை பின்னால். நின்றது. இருபது கட்டங்களும் சுவரில் வரைந்தது போல நின்றன, அடியில் சக்கரம் உறுமிக்கொண்டிருக்க. ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை.

வெறும் டிஸ்கின் பட்டியல் அடுத்தடுத்துப் பத்து முறை பிழையில்லாமல் வந்தது. டீச்சர் நோட்டில் பத்து டிக் போட்டார்.

பிறகுதான் அந்த மே 1988. ஜன்னல் வழியாக, உறைக்குள்ளேயே வட்டை விரலால் மெல்லச் சுழற்றிச் சுழற்றி, ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அழுத்தித் தேய்க்கவில்லை. இரு பக்கமும். அரை மணி நேரம் ஆனது. இதற்கிடையில் டீச்சர் டீ போட்டுக்கொண்டு வந்தார், ஆறிப்போனது. உலர்ந்ததும் டிரைவில் போட்டு, எழுப்பாமல், பட்டியலை மட்டும் கேட்டார்.

வந்தது. அகரவரிசையில், இரண்டு பத்தியாக, திரை நிறைய.

கோப்பின் பெயர் ஏழு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது இந்த டிஸ்க் முறையின் விதி. ஆங்கில எழுத்தில் ஏழு. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் நிரலுக்குத் தங்கள் பெயரையே வைத்திருந்தார்கள். அதனால் முருகேசன் 'முருகேஸ்' ஆகியிருந்தான். சரஸ்வதி 'சரஸ்வ'வோடு நின்றாள். கிருஷ்ணன் ஒற்று இழந்து 'கிருஷ்ண' ஆனான். வசந்திக்குக் கடைசி எழுத்து போய் 'வசந்த்', ஆண்பிள்ளை. கலாவும் கண்ணனும் மட்டும் முழுசாக இருந்தார்கள்.

"ஒரு பக்கத்துக்கு 31 பேர்தான் பட்டியல்ல ஏறும். அதுல ரெண்டு மெஷினுக்கே போயிரும். மிச்சம் 29" என்றார் டீச்சர், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "வசந்தன்னு இன்னொரு பையன். அவனும் ஏழெழுத்துல வசந்த்தான். ரெண்டும் ஒரே பேரானா ஒண்ணு மேல ஒண்ணு எழுதிரும். அவனை மறுபக்கம் போட்டேன். ஒரு நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டான்."

இப்போது ஷிப்டும் பிரேக்கும். டீச்சரே அழுத்தினார்.

பட்டியலில் இருந்த ஆச்சரியக்குறி போட்ட 'பூட்' என்ற கோப்பைக் கணினி தேடி எடுக்கும். அதற்குள் இருப்பது வெறும் எழுத்து, விசைப்பலகையில் நாம் தட்டவேண்டியதை அது தட்டும். யாரும் தொடாமல் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன: 'மெனு'வை ஓட்டு என்று. முப்பத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்திய டீச்சர் தட்டுகிறார். இந்த டீச்சர் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கணம், டர்ர்ர். டர்ர்ர். டிஸ்க் ஃபால்ட் 18. சைபர் ஒன்று, சாய்கோடு, சைபர் சைபர்.

பையன் தலையில் கை வைத்தான். மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் ஒன்றும் செய்யவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஓய்வெடுப்பது போல இருக்கும். உள்ளே என்ன நடந்தது என்பது அவர் பேச ஆரம்பித்தபோது தெரிந்தது, எங்களிடம் இல்லை, டிரைவிடம்.

"சைபர் தடத்துல எல்லாம் படிக்கற. பட்டியலும் அங்கதான், பூட்டும் அங்கதான். ஒரு தப்பு இல்ல. அடுத்த தடத்துக்குப் போனதும் ஒண்ணுமே இல்லைங்கற. பூஞ்சைன்னா இப்படி வாசக்கோலம் மாதிரி வட்டமா வராது. ஹெட்டும் சுத்தம். வேகமும் சரி. அப்ப நீ போய் நிக்கற எடந்தான் தப்பு."

மூடியில்லாத டிரைவில் ஹெட்டின் மேல் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு தடமாக நகர்வதைப் பார்த்தார். நகர்ந்தது, மிக மிகச் சிறிதாக. அவர் புருவம் சுருங்கியது. "இது அரை அடி அரை அடியா வெக்குது."

டீச்சர் டிஸ்கின் உறையைக் கையில் எடுத்தார். லேபிளின் மூலையில் வட்டத்துக்குள் இருந்த எண்ணை விரலால் தொட்டார். "தம்பி, நாப்பது. இது நாப்பது தடம் டிஸ்க்."

பிள்ளைகளின் எண்ணிக்கை இல்லை அது. காலையிலிருந்து என் டார்ச் வெளிச்சத்திலேயே இருந்த எண்.

அக்காலத்து டிஸ்குகள் இரண்டு வகை. அதே வட்டில் நாற்பது தடம் அகலமாக வரைந்தது ஒன்று, எண்பது தடம் நெருக்கமாக வரைந்தது மற்றொன்று. இரண்டையும் படிக்கிற டிரைவில் ஒரு மாற்று சுவிட்ச் இருக்கும். நாற்பதில் வைத்தால் ஹெட் ஒவ்வொரு முறையும் இரண்டு அடி எடுத்து வைக்கும், எண்பதில் ஓரடி. சைபர் தடம் மட்டும் இரண்டுக்கும் ஒரே இடம். அதனால்தான் வாசல் திறந்து, நடையில் முட்டிக்கொண்டது. தகரப் பெட்டியின் பின்பக்கம், தூசிக்குள் நகக்கண் அளவில் அந்த சுவிட்ச் இருந்தது. பரணுக்கு ஏற்றும்போதோ இறக்கும்போதோ யார் கையோ பட்டு எண்பதுக்கு நகர்ந்திருக்கிறது. மெக்கானிக் ஊதித் தூசியை விரட்டிவிட்டு, நகத்தால் தள்ளினார். 'டக்'.

ஷிப்ட், பிரேக். எழுத்துகள் தாமாக விழுந்தன. டக், டக், டக் என்று இப்போது ஹெட் நெட்டு அடி வைத்து நடந்தது, தேடும் சத்தம் இல்லை, போய்ச் சேரும் சத்தம். திரை வெறுமையானது. பிறகு மேலே 'கோடை வகுப்பு 1988'. கீழே ஒன்றிலிருந்து இருபத்தொன்பது வரை எண்கள், எண்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகள்.

பையன் செல்பேசியை எடுத்துப் படம் பிடித்தான். அதற்குள் இருக்கும் சில்லின் வம்சம் இந்த மேசையிலிருந்துதான் போகிறது என்பதை அவனிடம் யார் சொல்வது? ஏகார்னில் இந்தக் கணினியைச் செய்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் அடுத்து 'ஆர்ம்' என்ற சில்லை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் அதன் முதல் சில்லை இதே பிபிசி மைக்ரோவில் இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று ஏறக்குறைய எல்லாச் செல்பேசியும் அந்த வழி வந்ததுதான். நான் சொல்லவில்லை. டீச்சர் எண் ஏழைத் தட்டியிருந்தார். கலா வரைந்த பரவளைவு, திரையின் இடது ஓரத்திலிருந்து புள்ளி புள்ளியாக மேலேறிக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றாக ஓட்டினார். கண்ணன் பெருக்கல் வாய்ப்பாடு. முருகேசன் ஏதோ இசை, நான்கு சுரத்தில் நின்றுவிடுகிறது. சரஸ்வதி நம் பெயரைக் கேட்டு, நம் வயதைக் கேட்டு, இரண்டாயிரமாவது ஆண்டில் நமக்கு எத்தனை வயது என்று சொல்கிறாள். மெக்கானிக் தன் வயதைக் கொடுத்து, அது சொன்ன பதிலைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ஒவ்வொரு நிரலும் முடிந்ததும் டீச்சர் நோட்டில் பெயரை எழுதினார், ஏழு எழுத்தில் இல்லை, முழுசாக. முருகேசன். சரஸ்வதி. கிருஷ்ணன். வசந்தி. ஐந்து நிரலுக்கு ஒரு முறை டிஸ்கை எடுத்து ஹெட்டைத் துடைத்தார் மெக்கானிக். குச்சி இலேசாகப் பழுப்பாகிக்கொண்டுதான் வந்தது.

இருபத்துமூன்றாவது எண்ணில் பழைய சத்தம். டர்ர்ர். இந்த முறை பதினெட்டு இல்லை. சைபர்-ஈ. செக்டார் இருக்கிறது, இடம் சரி, ஆனால் உள்ளே எழுதியது எழுதியபடி இல்லை.

மெக்கானிக் டிஸ்கை எடுத்துச் சுழற்றி, டார்ச்சைக் கேட்டு வாங்கித் தானே பார்த்தார். வட்டின் நடுவாக்கில் பட்டு நூல் போல ஒரு கீறல், பூச்சு போய் அடி தெரிந்தது.

"யாருதுங்க டீச்சர்?"

"சண்முக்னு போட்டிருக்கு." பென்சில் நோட்டின் மேல் நின்றது. "சண்முகம்னு ஒருத்தன் வந்தான். சண்முகப்பிரியான்னும் ஒரு பொண்ணு. ரெண்டு பேருல ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம். யாரை எந்தப் பக்கம் போட்டேன்..."

மறுபக்கத்தையும் பார்த்தாயிற்று. அதிலும் 'சண்முக்' என்றே இருந்தது. அந்த நிரல் ஓடியது, அழகாக ஒரு நட்சத்திரம் வரைந்தது. பெயர் மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

டீச்சர் நோட்டில் 'சண்முக' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டு, அடுத்த பெயருக்குப் போனார்.

"இன்னொருக்காத் தொடச்சுப் பாத்துரலாமுங்க" என்றார் மெக்கானிக். டார்ச்சைத் திரும்ப என்னிடம் கொடுத்துவிட்டு, புதுக் குச்சி ஒன்றை எடுத்தார்.